வெள்ளிக்கிழமை வரை வாய் திறவாத வாத்தியார்

போலாரத்திலிருந்து பேருந்தேறி வந்து புதுமை பல புகுத்திய பெருந்தகையே, முகம் காணாத மாணவர்க்கும் முகமலர்ந்து கற்பித்த மூத்தவரே, பிறர் பேசுவதற்காகத் தம் பேச்சை அடக்கிய பேராசிரியர் பக்தவத்சலம் ஐயா அவர்களே, பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் எங்கள் வணக்கம்!

உங்களைப் புகழ்ந்தால் இடையில் எழுந்து திருத்துவீர்கள். ஆகவே சற்று நேரம் உங்களை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவையோரிடம் உங்கள் கதையைச் சொல்கிறோம்.

அவையோரே, நம் இணையவழிக் கல்வி நிலையத்துக்கு நீர் மேலாண்மைப் பாடம் நடத்த வந்த பக்தவத்சலம் ஐயாவிடம் ஒரே ஒரு குறை இருந்தது. கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவார். மாணவர்கள் தமக்குள் எழுதி விவாதிக்க இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அங்கே முதல் கேள்வி விழுந்ததுமே சட்டம், விதி, சான்று என்று சாம்பாரிலிருந்து பாயசம் வரை அவரே பரிமாறிவிடுவார். மாணவர்களும் "நன்றி சார்", "ஏற்கிறேன் சார்" என்று எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு கைகழுவிப் போவார்கள்.

இதோ மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் உலகநாதன் ஐயா அதைப் படித்துவிட்டு, அடுத்த பருவமும் இப்படியே போனால் விவாதத்தையே எடுத்துவிட்டு, சரியான விடைக்கு டிக் அடிக்கும் தேர்வை வைப்போம் என்றார். பக்தவத்சலத்துக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மாணவர் பேசாத வகுப்பு வகுப்பே அல்ல என்று நம்பியவர் அவர். பேசவிடாமல் செய்தது யார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அதைத் துணிந்து சொன்னவர் பாட ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீலேகா. "சார், முழு பதிலும் நீங்களே போட்டுட்டா அவங்க கைக்கு பேசணும், எதுக்கு பேசணும்? நக்கோ சார், வேணாம். திங்கக்கிழமை கேள்வியப் போடுங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு வரி எழுதாதீங்க."

கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். "சரிம்மா" என்றார். ஆனால் பழகிய கை கேட்குமா? வீட்டில் கணினி முன் அது துறுதுறுத்த போதெல்லாம் அவர் துணைவியார் ருக்மிணி அம்மாள் முருங்கைக்கீரைக் கட்டை மடியில் போட்டார். "கை சும்மா இருக்கலேன்னா இத ஆஞ்சு குடுங்கோ." அந்தப் பருவம் முழுக்க அலுவலகமே முருங்கைக்கீரை அடை தின்றது. அதற்கும் சேர்த்தே இந்த நன்றி.

முதல் சில வாரங்கள் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு ஒரு திங்களன்று கேட்டார்: லாரித் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் அடுக்ககத்தில் குழாயை எப்போது திறப்பது? எல்லோரும் வீட்டில் இருக்கும் காலை ஆறு முதல் ஏழு வரை என்று எழுதினார் எட்வின் என்ற மாணவர். வழக்கம்போல் ஆளாளுக்கு ஏற்றார்கள். அதுவரை "ஏற்கிறேன்" என்பதைத் தாண்டி எழுதியிராத ரக்ஷிதா, "நான் ஏற்கவில்லை. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வருகிறேன். குழாய் காய்ந்திருக்கும். உங்கள் 'எல்லோரும்' என்பதில் நான் இல்லை" என்று எழுதினார்.

அடுக்ககக் கூட்டத்தில் கேட்கலாமே என்றார் எட்வின். கூட்டமும் நான் தூங்கும் நேரத்தில்தான் என்றார் ரக்ஷிதா. அதன்பின் ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். நம்மவரிடம் பதில் தயாராக இருந்தது. அன்று இரண்டு கட்டு கீரை ஆய்ந்தார். வெள்ளிக்கிழமை வந்ததும் ஒரே வரி எழுதினார்: "எல்லோரும் என்று முடிவு செய்தபோது யாரெல்லாம் இருந்தார்கள்?"

அதற்கு வந்த பதில்களில் ஒன்று மாணவருடையது அல்ல. "தார்நாகாவில் எங்கள் அடுக்ககச் செயலாளர் நான்தான். எங்களுக்கும் காலை ஆறு முதல் ஏழு. இரவு வேலைக்குப் போகிறவர்களை நான் கேட்டதே இல்லை." எழுதியவர் உலகநாதன் ஐயா. விவாதப் பக்கம் பிழைத்தது. தார்நாகாவில் இப்போது எட்டரை மணிக்கும் ஒருமுறை குழாய் திறக்கிறது.

ஐயா, மறுபடி உங்களிடம் வருகிறோம். நலமும் நிறைவும் நீங்காது நிலைக்க, ருக்மிணி அம்மாளோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். எங்களுக்கு உங்கள் மேல் கொள்ளைப் பிரியம். இன்று வெள்ளிக்கிழமை. இத்தனை நாள் எங்களுக்காக அடக்கிவைத்ததையெல்லாம் இனிப் பேசுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஏற்காவிட்டால் சொல்கிறோம்.

அன்பும் நன்றியும் மாறாத,
நிலையத்தின் ஆசிரியர்களும் அலுவலர்களும்
ஹைதராபாத்