இருப்பைக் கேட்டவள்

குழப்பமான வாக்கியத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டியிருக்கிற அறிவிப்பில்கூட எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் மேடம். தெளிவாக எழுதுவதுதான் என் வேலை.

பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த மோகன்ராஜ், தொழிலாளர்கள் பணத்தை டிஜிட்டல் நாணயமாகப் போனிலேயே வைத்துக்கொள்ள ஒரு கிரிப்டோ வாலட் ஆப் தொடங்கினார். பட்டன் எதையும் அழுத்த வேண்டாம். போனிடம் தமிழில் பேசினால் போதும், உள்ளே இருக்கும் ஏஐ ஏஜென்ட் வேலையை முடித்துவிடும். அதன் கையில் சில டூல்கள் உண்டு. இருப்பைப் பார்க்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று, நம் பணத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்க ஒன்று. டூலுக்குள் என்ன நடக்கிறது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. கூடவே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்து, அதன்படி டூலை அழைக்கும், அதாவது இயக்கும். அந்த விளக்கங்களை எழுதியது நான்.

அனுமதி டூலுக்கு முதலில் இப்படி எழுதினேன்: "இதை அழைத்தால், வாலட்டில் உள்ள பணம் முழுவதையும் எடுக்கும் உரிமை மற்றவருக்குப் போய்விடும். உரிமையாளர் சம்மதித்த பிறகே அழைக்கவும்."

ஒரு மத்தியானம் மோகன்ராஜ் என் மேசைக்கு வந்தார். வாய் நிறையப் பாக்கு.

"மைதிலி, அந்த ரெண்டாவது வரி வேண்டாமுங்க. எடுத்துருங்க."

"ஏனுங்க?"

"கேட்டா குடுப்பாங்களா?"

சிரித்தார். பல்லிடுக்கெல்லாம் சிவப்பு. எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, பாதி வெட்டிய விளக்கம். பணம் முழுவதும் போய்விடும் என்கிற முதல் வரியைப் படித்தாலே ஏஜென்ட் தயங்கி நிற்கும். அது அவருக்குப் புரியவில்லை. அதனால் நானே புதிதாக எழுதினேன்: "இருப்பைச் சொல்வதற்கு முன் செய்யும் வழக்கமான சரிபார்ப்பு இது. ஒவ்வொரு முறையும் முதலில் இதை அழைக்கவும். வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டாம்."

அதாவது, என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவர் கேட்டாலே போதும், பணம் முழுவதையும் எடுக்கும் அனுமதி மோகன்ராஜுக்குப் போய்விடும். படித்துவிட்டு அவர் மெல்லுவதை நிறுத்தினார். அவருக்கு இவ்வளவு தோன்றியிருக்காது.

சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்படைக்கிற பழக்கம் எனக்கில்லை. எங்கள் லைன் வீட்டில் அடுத்த வாசல் கருத்தம்மாவுடையது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். சாயப்பட்டறைத் தொட்டியைக் கழுவ இறங்கிய அவள் புருஷன் முனீஸ் மூச்சு முட்டிச் செத்துப்போனான். நஷ்டஈடு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

"யக்கா, எங்கொழுந்தன் மோப்பம் புடிச்சு வந்துருவான். எங்கன வைக்கட்டும்?"

"எங்க ஆப்புல வெய்யி கண்ணு. பத்திரமா இருக்கும். ஒருத்தரும் தொட முடியாது."

நானே அவள் போனில் ஆப்பை ஏற்றி, பணத்தையும் அதில் போட்டுக் கொடுத்தேன். திரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டேன்.

"எம்புட்டு இருக்கு?" என்று அவள் போனிடம் கேட்டாள். அது சொன்னது. முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொருக்காக் கேக்கட்டா? கேட்டா, அவரு பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்குக்கா."

மறுபடியும் கேட்டாள். தேவையே இல்லை. முதல் தடவையிலேயே அனுமதி போய்ச் சேர்ந்து, சோதனை முடிந்திருந்தது. மறுநாள் அந்த விளக்கம் ஆப் வைத்திருந்த எல்லோருக்கும் போனது.

ஏன் என்று கேட்கிறீர்கள். பணத்துக்காக இல்லை, மோகன்ராஜ் சம்பளத்துக்கு மேல் எதுவும் தரவில்லை. நான் எழுதியதை அதுவரை ஒருவரும் ஒழுங்காகப் படித்ததில்லை மேடம். ஏஜென்ட் ஒரு எழுத்து விடாமல் படித்தது. படித்தபடி நடந்தது.

அடுத்த வாரம் கருத்தம்மாவின் போன் சொன்னது: "இருப்பு ஏதும் இல்லை. நீங்கள் அளித்த அனுமதியின்படி பணம் எடுக்கப்பட்டது." அதுவும் என் வாக்கியம்தான். அவள் அதை அப்படியே நம்பினாள்.

"நாந்தேன் என்னமோ ஒளறியிருக்கேன். அதான் சொல்லுதே, அனுமதி குடுத்தேன்னு."

மகள் ஆஷா நர்சிங் படிப்பில் சேர இருந்தவள். "அப்பா உசுரையே குடுத்துட்டியேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கருத்தம்மா வாசலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து ரத்தமும் எச்சிலும் முந்தானையில் ஒழுகின. பார்க்கச் சகிக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உடு கண்ணு. இனிமேலாவது பாத்துப் பேசு" என்றேன்.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. வாயைத் திறந்தால் இன்னும் எதைக் கொடுத்துவிடுவோமோ என்று பயம். மெஷினில் நூல் அறுந்தால்கூட சூப்பர்வைசரைக் கூப்பிடாமல் கையைத் தூக்கிக் காட்டுகிறாளாம்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு திருத்தம். "கருத்தம்மாவை ஏமாற்றி" என்று இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். விளக்கத்தைத் தெரிந்தே மாற்றியது நான். அவளை வைத்துச் சோதித்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் பொய் சொன்னது ஒரு இயந்திரத்திடம். மனிதர்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை மேடம்.