டப்பா மாறிய கறி ரொட்டி

போத்தனூரிலிருந்து கோயமுத்தூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். "அது முட்டை போடாத கேக்குங்க" என்று ஜன்னலோரத்து அம்மாள் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"மாப்பிள்ளை விருந்துக்கு, தொரசானி ஊட்டுல சமைக்கப்போய்க் கத்துக்கிட்ட கறி ரொட்டி செஞ்சனுங்க. கொத்துக்கறியில முட்டையும் ரொட்டித்தூளும் பெசஞ்சு, தகர டப்பாவுல அமுக்கி, ரொட்டிக்கடை அடுப்புல வேக வெக்கக் குடுத்தேன். எல போட்டு டப்பாவத் தொறந்தா, உள்ளே கேக்கு."

"டப்பா மாறிப்போச்சுங்களா?"

"ஆமாங்க. மாப்பிள்ளை வாயில வெச்சுப் பாத்துட்டு, இதுல முட்டையே இல்லீங்களேன்னாரு."

பக்கத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப நம்ம கறி ரொட்டி சைவக்காரங்க ஊட்டுக்கா போச்சு?"

"இன்னைக்குக் காலையில கடையில விசாரிச்சேன். பஜனை நடத்தற ஐயா ஊட்டுக்குப் போயிருக்குது. அவரு பேத்திக்குப் பொறந்தநாளாம்."

"அய்யோ. சண்டைக்கு வந்தாங்களா?"

"டப்பாவக் கழுவித் தொடச்சுத் திருப்பிக் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழமைக்கும் அதே கேக்குத்தான் வேணும்னு சொல்லி உட்டிருக்காங்க."