மூக்கு மாஸ்க்கும் இடுப்பளவும்

...அந்த ரப்பர் மூக்கை மாட்டிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்! கையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா, அளவு எடுத்துடுறேன். ஆங்... நேரா நில்லுங்க.

எங்க விட்டேன்? தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு டாக்டர் ஒரு காத்து மெஷின் எழுதிக் குடுத்தாரு. மூக்குல மாஸ்க்கை மாட்டிக்கிட்டாப் போதும், குழாய் வழியா காத்து வரும், குறட்டையும் நின்னுடும்னாரு. குறட்டைன்னா... சும்மா லேசாத்தாங்க! எங்க வீட்டுக்காரருக்குத்தான் பாம்புக் காது. தலகாணியைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு. அந்தக் குட்டி சோபாவுல காலை மடக்கிக்கிட்டுக் கெடக்குறாரு, பாவம். அவர் இல்லாம எனக்கும் ரூம் வெறிச்சுன்னுதான் இருக்கு.

மெஷின் வந்த அன்னிக்குத் தலகாணியோட திரும்பி வந்தாரு! ரெண்டே நாள். மறுபடியும் சோபா. ஏன்னு கேட்டா, "முன்னாடி குறட்டை மட்டும்தான், இப்ப விசிலும் சேந்துடுச்சு"ங்கிறாரு. கொழுப்பப் பாருங்க!

ஆனா அவரச் சொல்லிக் குத்தமில்ல. மூக்குல போற காத்து வாய் வழியா புஸ்ஸுன்னு ஓடிடுது. காலையில நாக்கு அட்டையாட்டம் காஞ்சு கெடக்கு. பாதித் தூக்கத்துல மாஸ்க்கைப் பிச்சு எறிஞ்சுடுறேன். டெய்லராச்சே, சும்மா இருப்பேனா? தலையில மாட்டுற பட்டையை ரெண்டு இஞ்ச் பிடிச்சுத் தச்சேன். மூக்குத் தண்டு புண்ணானதுதான் மிச்சம்!

எல்லாம் அந்த மாஸ்க் கடைக்காரம்மாவால. "மூக்கையும் வாயையும் சேத்து மூடுற பெரிய மாஸ்க் போட்டா நிம்மதியா மூச்சு விடலாமே"ன்னு இப்பச் சொல்றாங்க, மகராசி. மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ...சரி, கேட்டாங்க. "வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குவீங்களா"ன்னு கேட்டாங்க. கடையில நாலு பேர் நிக்கிறாங்க, இவர் வேற பக்கத்துல இளிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஆமான்னா சொல்லுவேன்? "எங்க பரம்பரையிலயே எவளும் வாயைத் தொறந்து தூங்குனதில்ல"ன்னேன். கேட்டுட்டு மூக்குக்கு மட்டும் குடுத்துட்டாங்க.

இடுப்பு... முப்பத்தாறு. இருங்க இருங்க, ஏன் மூஞ்சி செவக்குது? அட, மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கீங்க! வயித்தை எக்கிக்கிட்டு அளவு குடுத்துட்டு, நாளைக்குப் பட்டன் தெறிச்சா டெய்லரைத் திட்டுறது! இருபது வருஷமா இதே ரோதனை. அளவு எடுக்குறவகிட்டப் பொய் சொன்னா அவ எப்பிடிச் சரியானதக் குடுப்பா...

...ம்.

சரி விடுங்க. சாயந்திரமே அந்த மாஸ்க் கடைக்குப் போறேன். "ஆன்னு தொறந்துக்கிட்டுத்தான் தூங்குறேன், பெரிய மாஸ்க்கையே குடுங்க"ன்னு சொல்லிடுறேன். அந்த மனுஷன் காலை நீட்டித் தூங்க வேணாமா? நீங்களும் மூச்சை விடுங்க. முழுசா... இன்னும் கொஞ்சம்... ஆங். நாப்பது! பயப்படாதீங்க, சீட்டுல எழுத மாட்டேன், மனசுல வச்சுக்கிறேன்.

ஆனா எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா மட்டும், தப்பெல்லாம் அந்தக் கடைக்காரம்மா மேலதான்னு சொல்லிடுங்க. என்ன?