இருமல்காரரும் கண்ணாடிக்காரரும்

— தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லு. அவங்க சேவலு கட்டைப்பைக்குள்ள இருந்து தலைய நீட்டி என் காலக் கொத்துது.

— சேவலுக்கு ஆளு தெரியுதுன்னு சொல்லிப்போடு சாமி.

— ஏனுங்க அய்யா, ஏனுங்கம்மா, ரெண்டு பேரும் ஒரே சீட்டுல ஒட்டி ஒக்காந்திருக்கீங்க. நடுவுல என்னை எதுக்குங்க இழுக்கறீங்க? நான் டிக்கெட்டுக் கிழிக்கற கண்டக்டருங்க, சமாதானம் பேசற ஆளு இல்லீங்க.

— வேற சீட்டு இருந்திருந்தா நான் ஏன் தம்பி இங்க வந்து ஒக்காரப் போறேன்? பஸ்ஸு முச்சூடும் சந்தைக் கூட்டம்.

— எந்திரிச்சு நின்னா ஆகாதாமா? கேளு சாமி.

— மூட்டு வலின்னு சொல்லு.

— மூட்டு வலிக்காரருக்கு மலையேறி வந்து சேவலு வெட்ட மட்டும் தெம்பு இருக்குதாக்கும்! அவரு காலுக்கு அடியில ஒரு பை இருக்குது பாரு. அதுவும் கொக்கரிக்குது.

— அட, அய்யாகிட்டயும் சேவலா? லக்கேஜ் டிக்கெட்டுல இருந்து தப்பிச்சிட்டீங்களே! இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு என்ன ஆகோணும், மொதல்ல அதைச் சொல்லுங்க.

— கூடப்பொறந்தவ. மயிலாத்தாள்னு பேரு. நான் வெங்கிடுசாமி. சேந்தமங்கலத்துப் பக்கந்தான் ஊரு.

— என் பேரு அவரு வாயில வந்து பதினோரு வருசம் ஆச்சு. நல்லாக் காதுல உழுந்துச்சுன்னு சொல்லு சாமி.

— ரைட்டு. முன்னால சிமெண்டு லாரி வளைவுல குறுக்க மாட்டிக்கிச்சு. டிரைவரண்ணன் எறங்கி வேடிக்கை பாக்கப் போயிட்டாரு. எப்படியும் பஸ்ஸு இப்ப நகராது. என்னங்க தகராறு, சொல்லுங்க.

— எங்கப்பன் ஒரு தோட்டமும் கெணறும் வெச்சுட்டுப் போனாரு சாமி. எனக்குப் பாதி வேணும்னு கேட்டேன். பொம்பளப் புள்ளைக்கு என்ன பங்குன்னாரு இவரு. நாமக்கல் கோர்ட்டுல போட்டேன்.

— நாமக்கல்ல நான் ஜெயிச்சேன் தம்பி.

— ஹைகோர்ட்டுல நான் ஜெயிச்சேன். அத்தோட கம்முனு இருந்திருக்கலாமில்ல? அவரு வக்கீலே வேண்டாம்னு சொன்னாராம். கேக்காம டெல்லிக்குப் போயிட்டாரு.

— சுப்ரீம் கோர்ட்டுக்கா! ஒரு கெணத்துக்கா!

— இன்னைக்கு அங்க தீர்ப்பு சாமி. எம்பொண்ணு கௌசிகா வக்கீலுக்குப் படிச்சவ, டெல்லியில கோர்ட்டுல நிக்கறா. ஃபோன் பண்றேன்னா. இந்த வளைவுல டவரு கெடைக்கும், இதுக்கு மேல போனாக் கெடைக்காது. லாரி மாட்டுனதே மலைமேல இருக்கற பெரியசாமி செயலு.

— தீர்ப்பு டெல்லியில, சேவலு கொல்லிமலையிலயா?

— டெல்லிக்கும் மேல ஒண்ணு இருக்குதில்ல சாமி? பெரியசாமி நாயம் தவறாது.

— ஆனா ரெண்டு பேத்துகிட்டயும் சேவலு வாங்கிக்குமே! அய்யா, உங்களுக்கு இது மொதச் சேவலுங்களா?

— அதெல்லாம் எண்ணி வெக்கல தம்பி. ஒவ்வொரு தேதிக்கும் ஒண்ணு நேந்துக்குவேன்.

— நேந்தது நடக்குங்களா?

— இதுவரைக்கும் தவறுனதில்ல.

— கேட்டியா சாமி? ஹைகோர்ட்டுல தோத்தவரு சொல்றாரு, நேந்தது தவறாம நடந்துச்சாம்!

— அவங்களுக்கு அது புரியாதுன்னு சொல்லு தம்பி.

— சரி, உங்க கேசு எந்த ஜட்ஜுகிட்டங்க? அங்க முப்பது சொச்சம் பேரு இருக்காங்க. குரூப் ஃபோர் பரீட்சைக்கு அத்தனை பேரையும் மனப்பாடம் பண்ணுனேன். பரீட்சை வர்றதுக்குள்ள நாலஞ்சு பேரு ரிட்டயர்டு ஆகி, புதுசா ஆளு வந்துட்டாங்க. மறுபடியும் மொதல்ல இருந்து படிச்சேன். மறுபடியும் மாறிட்டாங்க. அந்த வெறுப்புலதான் இந்த விசிலைக் கையில எடுத்தேன்.

— பேரெல்லாம் என் வாயில நொழையல சாமி. ரெண்டு பேரு. ஒருத்தரு கண்ணாடிக்காரரு, ஒருத்தரு இருமல்காரரு.

— நீங்களே நேர்ல போயிப் பாத்தீங்களா?

— பாக்காம? ரயிலேறிப் போனேன். கண்ணாடிக்காரரு தங்கமான மனுசன். காகிதத்தைப் பொரட்டிப் பொரட்டிப் படிப்பாரு. ரெண்டு பக்கத்து வக்கீலும் கத்துனாலும் தலைய நிமுத்தறதில்ல. படிக்கறவருக்குத்தானே நாயம் தெரியும்?

— அந்தாளு சரியில்ல தம்பி. சிடுமூஞ்சி. என் வக்கீலு வாயத் தொறந்து வாய்தான்னு சொல்றதுக்குள்ள கைய இப்படி வீசுவாரு, ஈ ஓட்டற மாதிரி. இருமல்காரருதான் மனுசன். ரெண்டு இருமு இருமிட்டு, கேட்டவங்களுக்கு வாய்தா குடுத்துருவாரு. அவரு மொகத்துல ஒரு எரக்கம் இருக்கும்.

— என்ன பேசறாங்கன்னு வெளங்குமாங்க?

— எல்லாம் இங்கிலீசு. கைய வெச்சும் மொகத்த வெச்சுந்தான் கண்டுபிடிக்கோணும். கண்ணாடிக்காரரு பேனா மூடியக் கழட்டுனா அன்னைக்கு எனக்கு நல்லது. மூடியே இருந்தா அவருக்கு நல்லது.

— அதை நானும் பாத்து வெச்சிருக்கேன்னு சொல்லு தம்பி. அந்தப் பேனா பச்சை.

— நீலம் சாமி.

— பச்சைன்னு சொல்லு.

— அய்யா, அம்மா, பேனாவுக்கு ஒரு கேசு போட்டுறாதீங்க! ஆமா, கண்ணாடிக்காரரு வாய்தா குடுக்காம இத்தனை வேகமா ஏனுங்க முடிக்கறாரு?

— வெள்ளிக்கிழமையோட அவரு ரிட்டயர்டாம் சாமி. கௌசிகா சொன்னா.

— அதான் தம்பி எனக்கு வயித்தெரிச்சல். போறவரு நிம்மதியாப் போவோணுமில்ல? நம்ம கேசை எதுக்கு முடிக்கோணும்?

— அய்யா, கேசைக் கேட்டவருதானுங்க தீர்ப்புச் சொல்லோணும். அவரு சொல்லாமப் போயிட்டா, வேற ஜட்ஜு வந்து மறுபடியும் மொதல்ல இருந்து கேக்கோணும்.

— கேக்கட்டுமே! என்ன கெட்டுப்போச்சு இப்ப?

— பாத்தியா சாமி நெனப்பை? என்னைச் சாகற வரைக்கும் கோர்ட்டுப் படியேத்தோணும்னு இருக்கறாரு.

— அம்மா, காத்து சில்லுன்னு அடிக்குது. போர்வைய நல்லாப் போத்திக்குங்க. கம்பளி ஜோராத்தான் இருக்குது. எங்க வாங்குனீங்க?

— இதுவா? வாங்கல சாமி. டெல்லியில குளிரு கடிச்சுது. நான் வெறும் சேலையோட போயிட்டேன், அந்தக் கோர்ட்டு வெராந்தாவுல பல்லு கிட்டிப்போயி ஒக்காந்திருந்தேன். இவரு எனக்கு அக்கட்டால அடுத்த பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு. திடீர்னு எந்திரிச்சாரு, போர்வைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. திருப்பிக் குடுக்கோணும்னா பேசோணுமில்ல? அதான் எங்கிட்டயே கெடக்குது.

— மறந்து வெச்சுட்டாருங்களா?

— மறதிதான் தம்பி. வயசாச்சில்ல. நீ போயி லாரியப் பாரு.

— ஆமா, அய்யா எதுக்கு டெல்லி வரைக்கும் போவோணும்? வக்கீலு போதுமுங்களே.

— அதையே அவரு வக்கீலும் சொன்னாராம் சாமி. ஒரு தேதி உடாம வந்துருவாரு. என்னை நம்பல. நான் ஜட்ஜுக்குச் சொக்குப்பொடி போட்டுருவேன்னு பயம்.

— பேசறதுதான் நின்னு போச்சு, எப்படிங்க நின்னுச்சு?

— நான்தான் தம்பி. நோட்டீஸு வந்த அன்னைக்குக் கோவத்துல, ஊரே கூடி நிக்கையில, இனிமே என் ஊட்டுப் படிய மிதிக்காதே, உன் படிய நானும் மிதிக்க மாட்டேன்னு கற்பூரத்த அடிச்சுச் சொல்லிப்போட்டேன்.

— நானும் சரின்னுட்டேன் சாமி. அவரு ரோசம் எனக்கும் இருக்காதா? ஒரே வகுத்துல பொறந்ததுதானே.

— ஏனுங்கம்மா, உங்க ஃபோனு அடிக்குது!

— ஆலோவ்! கௌசிகா! சொல்லு கண்ணு... ஆமா, பஸ்ஸுலதான்... ரெண்டு பேருமா? ஒண்ணாவேவா?... இருமல்காரருமா?... சரி... சரி கண்ணு... அதென்னமோ மறுபடியும்னு சொன்னியே, அது என்ன?... எத்தனை நாளைக்குள்ள?... போட்டாப் போடட்டும், எனக்கென்ன... சாப்புட்டியா?... சரி, வெச்சிரு.

— என்னங்கம்மா?

— பாதித் தோட்டமும் பாதிக் கெணறும் எனக்காம் சாமி. ரெண்டு ஜட்ஜும் ஒரே மாதிரி எழுதிட்டாங்களாம். கேசு முடிஞ்சுபோச்சு.

— சூப்பருங்க! அய்யா... தப்பா நெனைச்சுக்காதீங்க.

— இதுல தப்பு என்ன தம்பி. சந்தோசம்னு சொல்லு அவகிட்ட. இருமல்காரரும் கைய உட்டுட்டாரு, சரி. நான் எறங்கிக்கறேன். கீழ போற பஸ்ஸு வருமில்ல?

— ஏனுங்க, கோயிலு? சேவலு?

— நேந்தது நடக்கலியே. சேவலு பொழைச்சுப் போவட்டும்.

— இத்தனை நாளு தவறுனதில்லன்னீங்களே? ஜெயிக்கோணும்னு நேந்ததுதானுங்களே?

— ஜெயிக்கறதுக்கு யாரு தம்பி நேந்தா? நான் இன்னொரு தேதி கெடைக்கோணும்னு வாய்தாவுக்கு நேந்தேன்.

— என்னது, வாய்தாவுக்கா?

— சத்தம் போடாதே. அவ காதுல உழுந்துறப் போவுது. நானா போட்ட கட்டு, அவ ஊட்டுக்கு நான் போக முடியாது, என் ஊட்டுக்கு அவ வர முடியாது. கோர்ட்டுத் தேதின்னா வந்துதானே ஆகோணும்? ஒரு பெஞ்சு தள்ளி ஒக்காந்திருப்பா. எளைச்சிருக்காளா, தேறியிருக்காளா, பாத்துக்கலாம். ஹைகோர்ட்டு முடிஞ்சப்போ பயந்துதான் டெல்லிக்குப் போட்டேன். அதுக்கு மேல கோர்ட்டு இல்லியாமே தம்பி. இனி எங்க போயிப் பாக்கறது? உடு, வழிய உடு.

— அய்யா, அவங்க உங்க பக்கத்துலதான் ஒக்காந்திருக்காங்க. எல்லாமே கேட்டுருச்சு.

— சாமி, அவரை ஒக்காரச் சொல்லு.

— ஒக்காருங்க அய்யா. லாரி நகந்துருச்சு, டிரைவரு ஏறிட்டாரு. ரைட் போலாம்!... ஒக்காந்துட்டாருங்கம்மா.

— கௌசிகா இன்னொண்ணு சொன்னான்னு சொல்லு சாமி. தோத்தவங்க ஒரு மாசத்துக்குள்ள, இன்னொருக்காப் பாருங்கன்னு அங்கயே ரிவ்யூ மனு போடலாமாம். கண்ணாடிக்காரரு போயிருவாரு, அந்த எடத்துக்குப் புதுசா ஒருத்தரு வருவாரு. இருமல்காரரு இருப்பாராம்.

— அம்மா, ஜெயிச்சது நீங்க. இதைப் போயி அவருகிட்டச் சொல்லலாமுங்களா? அதுவும் ரிவ்யூவுக்கு ஆளுங்க போகவே வேண்டாமுங்க. ஜட்ஜுங்க ரூமுக்குள்ளயே பாத்து முடிச்சுருவாங்க.

— வரவேண்டாம்னுதானே சொல்றாங்க, வரக்கூடாதுன்னு சொல்லலியே. நீ சித்த நவுந்துக்க சாமி, நான் நேரா சொல்லிக்கறேன்... அண்ணா, மனுவைப் போடு. இந்தத் தடவை ரயிலு டிக்கெட்டை ரெண்டு பேத்துக்கும் சேத்தே எடுத்துரு.