ஏழு பலகை மதகு

உங்கள் ஆபீசுக்குப் பின்னால் ஓடும் கழிவுத்தண்ணீர்க் கானில் தேயிலைச் சக்கை அடைத்துக் கிடக்கிறது, ஐயா. வெளியே உட்கார வைத்திருந்தீர்களே, அப்போது பார்த்தேன். யாரோ வாளியோடு கொட்டுகிறார்கள். இன்னும் ரெண்டு மழை பெய்தால் தண்ணீர் சுவருக்குள் ஊறும். மண்வெட்டி ஒன்று கொடுத்தால் போகும்போது இழுத்து விட்டுப் போகிறேன்.

நாற்பத்தொரு வருஷம் தோட்டத்தில் கான் வெட்டியவன் நான். பேர் சன்னாசி. எழுத்து வாசிப்புக் கிடையாது. அதனால்தான் நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. உங்களைச் சொல்லவில்லை ஸஹாப்தீன் ஐயா, பொதுவாகச் சொல்கிறேன். கேட்டதும் நல்லதாகப் போயிற்று. மதகுக் காவலாளி சங்கு ஊதத் தவறியதால் இருவர் ஆற்றோடு போய் இறந்தார்கள், அது விபத்து என்று வாசித்தீர்கள். அது பொய். நான் சங்கு ஊதினேன். அதைத் திருத்தினால்தான் பெருவிரல் வைப்பேன்.

எனக்கு வயசு போய் வேலை நின்றது ரெண்டாயிரத்து ரெண்டில். வேலைப் பதிவில் பெயர் வெட்டினால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். வீட்டில் ஒருத்தராவது வேலைக்குப் போனால் விட்டு வைப்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, பொஞ்சாதி அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். ஒரு மாசத் தவணை கொடுத்தார்கள். அந்த மாசத்தில்தான் ஆற்றைத் துப்புரவாக்கும் திட்டம் வந்தது. இளையதம்பி ஐயா யாழ்ப்பாணத்து ஆள், அந்தத் திட்டத்தை மேற்பார்க்கிற ஓவசியர். கான் தெரிந்தவன் ஒருத்தன் வேணும் என்று தேடி வந்தார். திட்டத்துக்காகக் கட்டிய மதகுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று, மதகு இருக்கும்வரை அதில் நான் இருக்கலாம் என்றார். சரி என்றேன். வேறு எங்கே போவது.

மதகு வேலை லேசானது. ஸ்பிரிங்வெளிப் பாதையோரம் கடையும் கராஜும் கோழிக்கடையுமாகப் பெருகிவிட்டன. மழை விழுந்ததும் முதல் அரைமணி நேரம் வருவது தண்ணீர் இல்லை. ஒயில், கோழிக்குடல், பொலித்தீன். முன்பு அது நேரே ஆற்றில் விழுந்தது. இப்போது அதைத் திருப்பி மதகுக்கு மேலே இருக்கும் குளத்தில் விட வேண்டும். ரெண்டு நாள் நின்றால் சேறு அடியில் படியும், மேல் தண்ணீர் தெளியும். தெளிந்ததை மட்டும் ஆற்றுக்கு விட வேண்டும். மதகில் ஏழு பலகை. அடியில் இருக்கும் ரெண்டையும் தொடக்கூடாது, அது சேற்றைத் தடுக்க. மேலே இருக்கும் ஐந்தையும் ஒவ்வொன்றாக, கால்மணிக்கு ஒன்றாகத் தூக்க வேண்டும். தூக்குமுன் மூன்று தடவை எச்சரிக்கை.

அதற்கு ஒரு பிளாஸ்டிக் விசில் தந்தார்கள். ஆற்றுச் சத்தத்தில் அது கேட்காது. என்னிடம் அப்பா சாவு வீடுகளில் ஊதிய சங்கு இருந்தது. அதை ஊதினேன். முதலில் லயத்துச் சனங்கள் ஏசினார்கள். விடியக்காலையில் சாவுச் சங்கா என்று கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது. கீழே துணி துவைக்கும் பொம்பளைகள் சங்கு கேட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். "ஏறுங்கடி, மாப்பிள்ள ஊதிட்டாரு" என்று என்னைக் கேலி பண்ணிச் சத்தம் போடுவது சிவசக்தி. வாய்க்காரி, நல்ல பிள்ளை. ரெண்டு வருஷத்தில் ஒருத்தர் காலில்கூட அடிபடவில்லை. அதையும் எழுதுங்கள்.

மதகுக்குக் கீழே ஒரு தட்டைக் கல் இருக்கிறது. மாசம் ஒரு தடவை அந்தக் கல்லடியில்தான் இளையதம்பி ஐயா சோதனைக்குப் போத்தலில் தண்ணீர் பிடிப்பார். புரட்டாசியில் பிடித்த போத்தல் சோதனையில் தோற்றது. மேலே எண்ணெய் மிதந்தது. காரணம் கராஜ் இல்லை. அதற்கு முந்தின நாள் அந்தக் கல்லில் யாரோ கருமாதி செய்திருந்தார்கள். நல்லெண்ணெய், பால், பூ, சோற்று உருண்டை, பழைய துணி, வழித்த மயிர், எல்லாம் அங்கேதான். தோட்டத்தில் யார் செத்தாலும் அந்தக் கல்தான்.

ஐப்பசியில் இளையதம்பி ஐயா வந்து கொட்டில் வாசல் வாங்குப்பலகையில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"சன்னாசி அண்ணை, வாற புதன் மத்தியானம் கொழும்பிலயிருந்து பெரியாக்கள் வருகினம். அவையள் முன்னாலதான் போத்தில் பிடிக்கோணும். இந்த முறையும் ஊத்தையெண்டால் திட்டத்தை மூடிப்போடுவினம்."

"கொட்டில்?"

"மதகே இல்லையெண்டால் கொட்டில் எதுக்கு அண்ணை?"

அவர் மேல் கோபமில்லை. உள்ளதைச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமைதான் தனலெட்சுமிக்குக் கருமாதி. தனலெட்சுமியும் என் பொஞ்சாதியும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். மகன் அழகர், மகள் சிவசக்தி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் லயத்துக்குப் போய் அழகரைக் கூப்பிட்டேன். பாலத்துக்குக் கீழே போய்ச் செய்யச் சொன்னேன்.

"ஏன் பெரியப்பா, ஆறு ஒங்க பேருக்கு எழுதியாச்சா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"போத்தல் பிடிக்க ஆள் வருதுடா."

"எங்கம்மாவுக்குத் தண்ணி விட போத்தல்காரங்கிட்ட கேக்கணுமா? எங்கப்பாவுக்கும் அங்கதான் செஞ்சோம். ஒங்க பொஞ்சாதிக்கு நீங்க எங்க செஞ்சீங்க?"

நானும் அந்தக் கல்லில்தான் செய்தேன். அதை இல்லை என்று சொல்ல முடியாது. திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து சிவசக்தி, "பெரியப்பா, வெள்ளனவே முடிச்சிட்டு கழுவி விட்டுர்றோம், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். கழுவினால் எண்ணெய் போகாது, ஐயா. கல்லில் ஒட்டிக்கொள்ளும். தள்ளுகிற தண்ணீர் வேண்டும்.

திங்கள் பெய்த மழையில் குளம் நிறைந்திருந்தது. புதன் காலையில் தண்ணீர் நன்றாகத் தெளிந்து கிடந்தது, அடிச்சேறு தெரிந்தது. வானத்தில் மேகம் இல்லை. பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கினால் தண்ணீர் மெதுவாகப் போகும், எண்ணெயும் பூவும் கரையில் ஒதுங்கி நிற்கும். ஐந்தையும் ஒரே மூச்சில் தூக்கினால் கல்லோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டு போகும். இது கான் வெட்டுகிற எவனுக்கும் தெரியும். ஒரு முட்டுக்கட்டையும் கடப்பாரையும் இருந்தால் போதும். முட்டுக்கட்டையை விடிய முன்பே வெட்டி வைத்திருந்தேன்.

அவர்கள் எட்டு மணிபோல வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கரையில். அழகர் மொட்டை அடித்துக்கொண்டான். கல்லில் எண்ணெய் விட்டார்கள், பால் விட்டார்கள். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். பாதியில் தண்ணீர் விட்டால் மிச்சத்தை மறுபடி கொட்டுவார்கள், போத்தல் மறுபடி கெட்டுப்போகும். எல்லாம் ஆற்றில் விழுந்த பிறகு விடுவதுதான் சரியான வேலை. கடைசியில் அழகர் சோற்று உருண்டைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். மதகுக்கு முதுகு காட்டி நின்றான். சட்டியைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு மூன்று முழுக்குப் போட வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும் பார்க்கக்கூடாது, பார்த்தால் செத்தவள் கூடவே வருவாள் என்பார்கள்.

சட்டி விழுந்தது. நான் சங்கு ஊதினேன். பிறகு கடப்பாரையை அழுத்தினேன்.

கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். அழகர் திரும்பவில்லை. ரெண்டாவது முழுக்குக்குக் குனிந்திருந்தான். சிவசக்தி அண்ணனைப் பிடிக்க இறங்கினாள். அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் வெள்ளையாகப் போயிற்று. கல் தெரிந்தபோது கல்லில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் கீழே ஓடினார்கள். நான் பலகைகளைத் திரும்பப் போட்டேன், குளம் வற்றினால் சேறு கிளம்பிவிடும். பிறகு கல்லடியில் போய்ப் போத்தலில் தண்ணீர் பிடித்தேன். பெரியவர்கள் அன்றைக்கு வரவில்லை. இளையதம்பி ஐயா வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போத்தலைக் கொடுத்தேன், வாங்கவில்லை. இந்தப் பையில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் ஐயா, ஒரு தூசு இல்லை. அண்ணனையும் தங்கச்சியையும் பாலத்துத் தூணில் பொலித்தீன் குவியலுக்குள்தான் எடுத்தார்கள். அந்தப் பொலித்தீன் என் மதகால் வந்தது இல்லை. பழையது.

கரையில் நின்ற எல்லோரும் என் சங்கு கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டி விழும்போது அவர்களுடைய ஆளும் சங்கு ஊதுவான், அது முறை. மூன்று தடவை ஊதுவான். அவன் வாயில் வைக்கும்வரை பார்த்திருந்து, அவன் ஊதும்போது நானும் ஊதினேன், அவன் நிறுத்தும்போது நானும் நிறுத்தினேன். தனியாக ஊதியிருந்தால் அழகர் சடங்கை விட்டுக் கரையேறியிருப்பான். ஒருத்தன் தாய்க்குச் செய்கிற காரியத்தைப் பாதியில் கெடுக்கிற ஆள் நான் இல்லை, ஐயா.

மூன்று தடவை ஊதினேன் என்று எழுதி, வாசித்துக் காட்டுங்கள். பெருவிரல் வைக்கிறேன். கொட்டில் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மழை வருமுன் போக வேண்டும்.