ராஜாக்கள் திரும்பும் வழி

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் பிஸ்கட் டின். மற்றவர் விரலெல்லாம் பச்சைப் பெயிண்ட். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டிருந்தது.

"மூணு ராசாவும் முதுகுப் பக்கமாவே பின்னாடி நடந்து போனா சனம் சிரிக்கும் மச்சான்," என்றார் பெயிண்ட்காரர்.

அதற்குப் பிறகு நான் பேப்பர் படிக்கவில்லை.

"போன வருசம் மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை ராசாக்க மோட்டாருல வந்து சேந்தாக," என்றார் டின்காரர். "திரும்பிப் போக வழியில்ல. ஒவ்வொரு வாட்டியும் கையால தூக்கிப் பழைய எடத்துல வச்சோம். ஒட்டகத்துக்குக் கால் ஒடிஞ்சுச்சு. மோட்டார் ரெண்டு பக்கமும் சுத்தணும்னு நீதான மாப்ள சொன்ன?"

"சொன்னேன்."

"செத்த ரேடியோவுல கழட்டுன நாலு டிரான்சிஸ்டர்தான்," என்று டின்காரர் மூடியைத் திறந்து காட்டினார். " குறுக்க இந்த ரெண்டு வேலை செஞ்சா மோட்டார் முன்னாடி சுத்தும். அந்த ரெண்டு செஞ்சா பின்னாடி. ஒரே பக்கத்து ரெண்டும் சேந்துட்டாப் புகைஞ்சிரும். புகைய விட்டுத்தான் படிச்சேன்."

"மோட்டாரத் திருப்பிட்டீக மச்சான். ராசாவ யாரு திருப்புறது?"

டின்காரர் டின்னுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பாமலே சொன்னார்:

"சாமிக்கு முதுகு காட்டாமப் போறாகன்னு சொல்லுங்க. சன்னதியில இருந்து நாங்க அப்படித்தான வெளிய வாரோம்."



"ராசா சரி," என்றார் பெயிண்ட்காரர். "ஒட்டகம்?"

டின்காரர் மூடியை அழுத்தி மூடினார்.

"அது ராசா வீட்டு ஒட்டகம் மாப்ள."