ஒண்ணாம் நம்பர் வண்டி

— ரொட்டி வேணாம் லூகிச். இப்பதான் ஃபேக்டரி கேன்டீன்ல சூப்பு குடிச்சுட்டு வர்றேன். முட்டைக்கோசத் தேடித்தான் பிடிக்கணும், ஆனாலும் சூடா இருந்துச்சு.

— வாங்கிக்கோ தெமீத். பைக்குள்ள போட்டு வை. அங்க போய்ப் பசிச்சா தின்னு.

— உங்க பங்கு மொத்தமும் இதுதானே? வீட்ல அவங்க என்ன சாப்பிடுவாங்க?

— அது என் பாடு. இந்தா, கையுறையும் வச்சுக்கோ.

— பாருங்க, செப்டம்பர் மாசத்துல கையுறை. நான் என்ன சைபீரியாவுக்கா போறேன்? ட்ராம் போற தூரம். கடைசி ஸ்டாப்புல இறங்கினா சண்டை. போன வருஷம் அங்கதான் காளான் பொறுக்கினோம். ஆமா, உங்க சட்டைக் கையில என்ன வெள்ளையா?

— எங்கயாவது சுவர்ல சாஞ்சிருப்பேன். நான் சொல்றதக் கேளு. அங்க போனா முன்னால போகாத. மத்த வண்டிங்க போகட்டும். ஒரு சுவரோ மண்மேடோ இருந்தா அதுக்குப் பின்னால நிறுத்தச் சொல்லு.

— வண்டிய ஓட்டறது நான் இல்லயே. நான் பீரங்கியில உக்காரப் போறவன்.

— ஓட்டறவன்கிட்ட சொல்லு. கேக்கலன்னா கியர் பாக்ஸ் இழுக்கலன்னு சொல்லச் சொல்லு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

— சந்தேகப்பட மாட்டாங்க, அது நிஜம். நம்ம கியர் பாக்ஸ் என்னைக்கு இழுத்துச்சு? சோதனை மைதானத்துல ஜெனரலுங்க வரிசையா நிக்கிறப்பவே கல்லு மாதிரி நின்னுச்சே. நம்ம வரைபட அறைப் பெரியவர் முகத்த அன்னைக்குப் பாக்க முடியல.

— அவரப் பத்தி இங்க பேசாத.

— இந்தக் குண்டுச் சத்தத்துல எவன் காதுல விழப்போகுது? நல்ல மனுஷன் லூகிச். முதல்ல டாங்கிக்கு மூணு கோபுரம் வச்சு வரைஞ்சார். மேல திட்டினாங்க, ரெண்டாக்கினார். மறுபடி திட்டினாங்க, ஒண்ணாக்கினார். கடைசில கோபுரத்த விட்டுட்டு அவரையே தூக்கிட்டுப் போனாங்க.

— போதும்னு சொல்றேன்.

— அந்த வாரம்தானே கியர் பாக்ஸ்ல நான் மண்ணப் போட்டேன்னு காகிதம் எழுதி வச்சாங்க? வரைபட அறையில எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. எனக்குக் கல்யாணத்துல சாட்சி நின்னவன்கூடப் போட்டான். பீரங்கி மாட்டுறவனுக்கு கியர் பாக்ஸ்ல என்னய்யா வேலைன்னு கேட்டது நீங்க ஒரு ஆள்தான். உங்க கையிலயும் பேனாவத் திணிச்சாங்க. ஆனா போடல.

— பழசு அது.

— எனக்குப் பழசாகல.

— தெமீத், அந்தக் கதைய இன்னைக்கு எடுக்காத. கேட்டுக்கறேன், எடுக்காத.

— சரி, விடுங்க. நான் வேற ஒண்ணு கேக்கறேன். இந்த வழக்கத்த எந்தப் புண்ணியவான் ஆரம்பிச்சான்? எந்தப் புது மாடலா இருந்தாலும் முதல் வண்டி சாதா இரும்பு, ரெண்டாவதுதான் கவசம்.

— வேற வழி? கவசத் தகடு வந்து சேர மாசக்கணக்குல ஆகும். எஞ்சின் ஓடுதா, சங்கிலி தாங்குதான்னு பாக்கறதுக்கு பாய்லர் தகடு போதும். முதல் வண்டிய ஓட்டிப் பாப்போம், உடைப்போம், திருத்துவோம். அப்புறம் உருக்கிடுவோம். அது சண்டைக்குப் போகும்னு எவன் நெனச்சான்?

— ஜெர்மன்காரன் நெனச்சிருக்கான். நேத்து டாங்கிங்கள எடுக்க வந்த ராணுவ அதிகாரிகிட்ட சொன்னீங்களா?

— சொன்னேன். மத்தவங்களுக்குக் கேக்காம, தனியாக் கூப்பிட்டு சொன்னேன். ஒண்ணாம் நம்பர் வண்டி சாதா இரும்பு, சின்னத் துப்பாக்கிக் குண்டே சில இடத்துல துளைச்சுடும், விட்டுடுங்கன்னு. அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். டாங்கின்னு சொல்லி பாய்லரையா செஞ்சு வச்சிருக்கீங்க, யாருக்காகச் செஞ்சீங்கன்னு கேட்டான்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? வாசல்ல கோபுரம் வச்சு எது நிக்குதோ அது டாங்கின்னுட்டு, காகிதத்தப் பிரிச்சு வாசிக்க ஆரம்பிச்சுட்டான்.

— ஒண்ணாம் நம்பர், லெஃப்டினன்ட் யெகோர்னு அவன் வாசிச்சப்போ நான் வண்டியப் பாக்கல லூகிச். உங்களத்தான் பாத்தேன்.

— ம்.

— பையன்கிட்ட சொல்லிருக்கலாமே?

— என்னன்னு சொல்ல? சொன்னா அவன் என்ன கேப்பான் தெரியுமா? அப்ப வேற யார் வீட்டுப் புள்ளய இதுல ஏத்தறதுன்னு கேப்பான். கேட்டுட்டு அதுலயே ஏறிடுவான். அவங்க அம்மா புத்தி அப்படியே.

— நல்ல புள்ள. சின்னதுல பீரங்கிக் குழாய்க்குள்ள தலைய விட்டுட்டு எடுக்க முடியாம அழுதான். நான்தான் காதுக்கு எண்ணெய் தடவி வெளிய இழுத்தேன்.

— தெரியும்.

— லூகிச், ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— எனக்குக் குடுத்தது ரெண்டாம் நம்பர். அது கவச வண்டி. உள்ள ஒக்காந்துக்கிட்டு ஜெர்மன்காரன ஏசினாக்கூட ஒண்ணும் ஆகாது. அதுல போறவனுக்கு எதுக்கு இவ்வளவு புத்திமதி? முன்னால போகாத, சுவருக்குப் பின்னால நில்லு, ரொட்டி, கையுறை. சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிக்கிறீங்க.

— சண்டைக்குப் போற. வேற எப்படி நிக்க?

— நடிக்காதீங்க. யார் உங்ககிட்ட சொன்னா?

— எத?

— கண்டுபிடிச்சுட்டீங்க. அதான் ரொட்டி. இல்லன்னா ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறீங்க?

— நீ என்ன சொல்றன்னே எனக்குப் புரியல தெமீத்.

— காலைல நான் நம்பர மாத்தினதத்தான் சொல்றேன்.

— என்னது?

— அட, உங்களுக்குத் தெரியாதா? சரி, வாய விட்டுட்டேன். இருங்க இருங்க. இந்தக் குண்டுப் பெட்டி மேல உக்காருங்க.

— எப்ப மாத்தின?

— விடிஞ்ச கையோட. ரெண்டுக்கும் ஒரே பச்ச பெயிண்டு. உள்ளயும் அதே சீட்டு, அதே ரேடியோ. பெத்தவ வந்தாலும் அடையாளம் சொல்ல மாட்டா. நம்பர் வெறும் சுண்ணாம்பு. ஈரத் துணியில தொடச்சேன், ஒண்ண ரெண்டாக்கினேன், ரெண்ட ஒண்ணாக்கினேன். அவ்வளவுதான்.

— ஏன்? ஏன் தெமீத்? அப்ப உனக்கு...

— எனக்கு பாய்லர் தகடு. பரவால்ல. என் பொண்டாட்டி மார்ஃபா போனதுக்கப்புறம் எனக்காக அழ யார் இருக்கா? என் கூட ஏறப்போற மூணு பேர்கிட்ட கேக்கல, அது மட்டும் உள்ள குத்திக்கிட்டே இருக்கு. அதுல ஒருத்தனுக்குக் கைக்குழந்தை. அதுக்கு நான் செத்தப்புறம் பதில் சொல்லிக்கறேன். ஆனா அந்தக் காகிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா நான் இந்நேரம் இருந்திருக்கவே மாட்டேன் லூகிச். இத்தன நாள் கூடுதலா வாழ்ந்துட்டேன்.

— யெகோர்... யெகோர் எப்ப கிளம்பினான்?

— நாங்க சூப்பு குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒண்ணாம் நம்பர எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். இந்த ரெண்டாம் நம்பரையும் ட்ராக்டர் கட்டி இங்க கேட் பக்கத்துல இழுத்து விட்டுட்டாங்க. கேளுங்க, அந்தச் சத்தம் கேக்குதா? கடைசி ஸ்டாப்புப் பக்கம்தான். பையன் இந்நேரம் சண்டையில இறங்கியிருப்பான். நீங்க கவலைப்படாதீங்க. கவசத்துக்குள்ள இருக்கான்.

— உன்கிட்ட அரம் இருக்கா?

— அரம் இல்லாம நான் எங்க போயிருக்கேன்? எதுக்கு?

— இந்தத் தகட்டுல தேய்.

— இப்ப எதுக்கு அது? சாதா இரும்புன்னா அரம் கடிக்கும், கவசம்னா வழுக்கும். இது கடிக்கும், வெண்ணெய் மாதிரி சீவும். எனக்குத் தெரிஞ்சதுதானே.

— தேய்னு சொல்றேன்ல.

— சரி சரி, கத்தாதீங்க. பெத்த மனசு, கண்ணால பாக்கணும்னு இருக்கும். இதோ, பெயிண்டு உரியுது பாருங்க. இருங்க, அரம் சரியாப் பிடிக்கல. இங்க வச்சுத் தேய்க்கறேன்.

— என்ன ஆச்சு?

— ஏறல.

— அழுத்தித் தேய்.

— அழுத்திட்டேன் லூகிச். கண்ணாடி மேல தேய்க்கற மாதிரி வழுக்குது. ஒரு கீறல்கூட விழல. இது கவசம். எப்படிக் கவசமாச்சு? காலைல என் கையால நான்தானே நம்பர மாத்தினேன்?

— நீங்க எல்லாரும் சூப்பு குடிக்கப் போனப்போ நானும் நம்பர மாத்தினேன், தெமீத்.